கரையில் ஆறு மணி நேரம்: கப்பல் சுற்றுலா போகும் சேலத்துக் குடும்பங்களுக்கு

சேலத்துக்காரர்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் மேட்டூர் அணைதான். கடலைப் பார்க்க எந்தத் திசையில் கிளம்பினாலும் நாலைந்து மணி நேரம் ஆகிவிடும் என்பதால், நம் ஊரிலிருந்து ஒரு குடும்பம் கப்பலில் போகிறது என்றால் தெருவே கூடி விசாரிக்கிறது. நாங்கள் போய் வந்ததிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: கப்பலில் ஏறியபின் நாள் முழுவதும் என்ன செய்வது, ஊரில் இறங்கினால் எவ்வளவு நேரம் கிடைக்கும், நாம் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடுமா. முதல் முறை போகிறவர்களை மனத்தில் வைத்து, குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் பயணத்தில் கரையிறங்கும் ஒரு நாளை எப்படி நடத்துவது என்று படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் சேவை 2023 ஜூன் மாதம் தொடங்கியது. அப்போது ஓடத் தொடங்கிய ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் அதன் நிறுத்தங்களாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய சேவைகள் பருவத்துக்குப் பருவம் மாறுபவை, ஆகவே நீங்கள் போகும் காலத்தில் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதை முன்பதிவின்போது உறுதி செய்துகொள்ளுங்கள். நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது திருகோணமலை நாளை. நம் மொழி பேசும் ஊர், நம் கடிகார நேரமே ஓடும் ஊர் என்பதால் முதல் பயணத்துக்கு அதைவிட ஏற்ற துறைமுகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முன்

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடலின் புயல்களும் ஒன்றாக வரும் காலம். கப்பல் ஓடினாலும் ஆட்டம் கூடுதலாக இருக்கும், பாதையும் மாற்றப்படலாம். பிள்ளைகளின் கோடை விடுமுறையே இந்தப் பயணத்துக்குப் பொருத்தமானது.

அடுத்தது பாஸ்போர்ட். பெரியவர்களுக்குப் பத்தாண்டுகள் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டு, குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளில் காலாவதியாகிவிடுவதை மறந்துவிடுகிறோம். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லும்படி இருக்க வேண்டும் என்பதால், கப்பலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டிலுள்ள அத்தனை பாஸ்போர்ட்டுகளையும் மேசையில் பரப்பித் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். கரையில் இறங்குவதற்கான விசா அனுமதியைக் கப்பல் நிறுவனம் வாங்கித் தருகிறதா, நாமே வாங்க வேண்டுமா என்பதை வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுவது நல்லது.

மூட்டை கட்டும்போது நம் வீடுகளில் பழக்கமாக வைக்கும் சில பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறு இல்லை என்பதால் ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் அத்தை சிறிய காமாட்சி விளக்கு ஒன்றைத் திரியும் தீப்பெட்டியுமாகக் கொண்டு வந்திருந்தார். விளக்கை விட்டுவிட்டார்கள், தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். மூடி ஒட்டிய பாக்கெட்டுகளில் நொறுக்குத் தீனி கொண்டு போவதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை என்றாலும், தட்டுவடை செட்டுக்கு வேண்டிய சட்னியையும் துருவிய காய்களையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு போகலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

சேலத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில்தான் வசதி. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். துறைமுகம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கப்பலில் ஏறுவதோ பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் என்பதால், குளித்து உடைமாற்ற ரயில் நிலைய ஓய்வறையையோ அருகில் ஒரு விடுதி அறையையோ முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று காலையில் சேலத்திலிருந்து காரில் கிளம்பி நேரே துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 340 கிலோமீட்டர் சாலையில் ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஏறும் நாள்

ஏறியவுடன் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு தருவார்கள். கேபின் கதவின் சாவி, அடையாள அட்டை, பணப்பை ஆகிய மூன்று வேலையும் அந்தக் கார்டுக்குத்தான். கப்பலுக்குள் வாங்கும் குளிர்பானம், எடுத்துக்கொள்ளும் புகைப்படம், இணைய இணைப்பு என எல்லாமே அதன் கணக்கில் ஏறிக் கடைசி நாளில் மொத்தமாக வரும். பிள்ளைகளின் கார்டில் செலவு செய்யும் வசதியை வரவேற்பு மேசையில் சொல்லி நிறுத்திவிடலாம். இதை முதல் மணி நேரத்திலேயே செய்துவிடுங்கள்.

கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலிகளும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு. அப்போது எந்த இடத்தில் கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். இத்தாலியக் கடலோரத்தில் 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கரையைவிட்டு நகரும் முன்போ நகர்ந்தவுடனேயோ பயிற்சியை நடத்திவிட வேண்டும் என்று விதி 2015 முதல் கடுமையானது அதன் பிறகுதான். குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலான ஜாக்கெட் கேபினில் இல்லையென்றால் பயிற்சி முடிந்ததும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல் பற்றிய பயம் கடலைப் பார்க்காதவர்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறுபவர் உங்கள் வீட்டில் யார் என்று யோசித்துப் பாருங்கள். கப்பலில் கவனிக்க வேண்டியவரும் அவரேதான். இரண்டிலும் காரணம் ஒன்றே: கண் பார்ப்பதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதும் ஒத்துப்போகாததால் வயிறு புரள்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்ப்பதுபோல் கப்பலில் மேல்தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்த்தால் ஆட்டம் அடங்கும். கேபின் பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேட்டு வாங்குங்கள். ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தவரைவிட ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் அதிகம் என்பதைப் போல, முனையிலும் உயரத்திலும்தான் அசைவு கூடுதல். மாத்திரை போடுவதென்றால் குமட்டல் தொடங்கிய பின் போடுவதில் பெரிய பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். அது தூக்கத்தைத் தரும் என்பதால் பெரியவர்களின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று ஊரில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

துறைமுகத்தைத் தாண்டியதும் எல்லோருடைய கைப்பேசியையும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கரைக் கோபுரங்களின் எல்லை முடிந்ததும் கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும், அதற்கான கட்டணம் நம் மாதாந்திரத் திட்டத்தில் சேராது.

கரையிறங்கும் நாள்

முந்தைய இரவே அடுத்த நாளுக்கான நிகழ்ச்சி நிரல் கேபினுக்கு வந்துவிடும். அதில் முதலில் தேட வேண்டியது அனைவரும் கப்பலில் இருந்தாக வேண்டிய நேரம். கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்றால் அந்த நேரம் பெரும்பாலும் 4 மணியாகவோ நான்கரையாகவோ இருக்கும். அதைப் பெரியவர்கள் எல்லோரும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, நிரலின் அடியில் அச்சிட்டிருக்கும் உள்ளூர்க் கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இந்திய நேரமே என்பதால் இந்த ஒரு நாளில் கடிகாரக் குழப்பம் இல்லை. கிழக்கே வேறு நாடுகளுக்குப் போகும்போது கைப்பேசி உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ தன் நேரத்திலேயே ஓடும், அங்கே கையில் ஒரு சாதாரண வாட்ச் இருப்பது நல்லது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காலை 8 மணிக்குக் கப்பல் துறைமுகத்தை அடைந்தாலும், குடியேற்ற அதிகாரிகள் அனுமதி தந்து நடைபாலத்தைத் திறக்க 9 ஆகிவிடலாம். மாலை 4 மணிக்குள் திரும்ப வேண்டும். நடுவில் ஏழு மணி நேரம். இறங்கும் வரிசைக்கும் துறைமுக வாயில் வரை போவதற்கும் அரை மணி, திரும்பும்போது எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினால் கையில் இருப்பது ஐந்தரை. என் அனுபவத்தில் ஐந்தரை மணி நேரத்தில் குழந்தைகளோடு ஒரு பெரிய இடத்தையும் ஒரு சிறிய இடத்தையும்தான் பார்க்க முடியும். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோவில் என ஐந்தையும் ஒரே பகலில் முடித்துவிட்டு இருட்டுவதற்குள் மலையிறங்கப் பார்ப்பவர்களை நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏற்காட்டில் பார்க்கிறோமே, அவர்களிடம் ஏரி எப்படி இருந்தது என்று கேட்டால் பார்க்கிங் எப்படி இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

இதைத் தெரிந்திருந்தும் எங்கள் முதல் பயணத்தில் நான் ஏமாந்தேன். கரையில் வண்டிக்கு ஏற்பாடு செய்த ஒரு சுற்றுலா முகவர் நான்கு இடங்களைப் பட்டியலிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, நடுவில் பட்டியலில் இல்லாத ஒரு நகைக்கல் கடையில் ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார். வண்டி பேசும்போது எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குத் துறைமுக வாயிலில் திரும்ப இறக்கிவிடுவார் என்று கேட்டு, கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லி, பணத்தில் ஒரு பகுதியை வாயிலில் இறங்கிய பின் கொடுங்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச்சுற்றுலாவில் போவதா, தனியாகப் போவதா என்ற கேள்விக்கு என் பதில் வீட்டாரைப் பொறுத்தது. கப்பலின் சுற்றுலாவில் விலை கூடுதல். ஆனால் அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்கள் தாமதித்தால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் தூரத்து இடங்களுக்குக் கப்பலின் பேருந்தையும், ஊருக்குள்ளேயே சுற்றுவதற்கு ஆட்டோவையும் தேர்ந்தெடுங்கள்.

திருகோணமலையில் அந்தப் பெரிய இடம் கோணேசர் கோவில்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. ஈழத்தில் பாடல் பெற்றவை அதுவும் திருக்கேதீச்சரமும் மட்டுமே. பழைய கோவிலைப் போர்த்துக்கீசியர் 1620-களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்கே கோட்டையைக் கட்டினார்கள். இப்போது பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலுக்குள் புகுந்து, மான்கள் நிழலில் படுத்திருக்கும் சாலை வழியாக ஏறினால் சுவாமி மலை என்ற பாறையின் உச்சியில் இன்றைய கோவில் நிற்கிறது. கோட்டைக்குள் இராணுவத்தினர் இருப்பதால் அவர்களையும் அவர்களுடைய கட்டடங்களையும் படம் எடுக்காதீர்கள். மான்கள் பயமின்றி அருகில் வரும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளைகள் கையிலிருந்து முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

சிவாலயங்களில் நடுப்பகலில் நடை சாத்துவது வழக்கம் என்பதால் காலையில் முதல் வேலையாக இங்கே வந்துவிட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பதினோரு மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்தத் தரையில் நிற்க முடியாது. என் இளைய மகள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே பிரகாரம் சுற்றியதைப் பார்த்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர், “பிள்ளைக்குக் கால் சுடுதல்லோ, நிழலால கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சுவரோரமாக வழி காட்டினார். அவர் பேசியது தமிழ்தான் என்பது பிள்ளைக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. பழைய காலுறை ஒரு ஜோடியைப் பையில் வைத்திருந்தால் எங்களைப்போல் அவதிப்பட வேண்டியதில்லை. கோவிலுக்கு வெளியே பாறை பிளந்து கடலுக்குள் இறங்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். தடுப்புக்கு அப்பால் குழந்தைகளை எட்டிப் பார்க்க விடாமல் ஒருவர் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

சிறிய இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு என்பதால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் ஊருக்குள்ளேயே பத்திரகாளி அம்மன் கோவிலைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் உட்காரலாம். நிலாவெளிக் கடற்கரையும் அதற்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவும் அழகானவைதான், ஆனால் படகு, காத்திருப்பு, திரும்பும் வழி என்று சேர்த்தால் கப்பல் பயணிக்கு அது கட்டுப்படியாகாது.

சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவது சிக்கனம் என்று சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் செவ்விளநீரும் கிடைக்கும் ஊரில் இறங்கிவிட்டுக் கப்பலின் பஃபேக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஒரு ரூபாய்க்கு மூன்றுக்கும் மேல் இலங்கை ரூபாய் கிடைக்கிறது. விலைப் பலகையைப் பார்த்து மிரள வேண்டாம், மூன்றால் வகுத்துப் பாருங்கள். சிறு கடைகளுக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய அளவு மட்டும் பணத்தை மாற்றிக்கொண்டால் போதும். வாங்கிய பழங்களையோ மிச்சச் சாப்பாட்டையோ கப்பலுக்குள் கொண்டு வர விடமாட்டார்கள் என்பதால் வாயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை கப்பல் கார்டு, பாஸ்போர்ட்டின் நகல், தண்ணீர், தொப்பி, பெரியவர்களின் மருந்து, சிறிது ரொக்கம். மூல பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமா கேபினிலேயே விட வேண்டுமா என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். நிரலில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் கார்டை இயந்திரத்தில் காட்ட வேண்டும். ‘டிங்’ என்ற ஒலியோடு திரையில் நம் முகம் தோன்றும். கிளம்பும் நேரத்தில் யார் இன்னும் கரையில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவது அந்த ஒலியால்தான்.

சில துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்கும். அப்படியானால் முதல் படகுகளுக்கும் கடைசிப் படகுகளுக்கும் நீண்ட வரிசை நிற்கும். மேலே சொன்ன கணக்கில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படகு ஆடும்போது அதில் கால் வைப்பது கடினம், அன்று அவர்கள் கப்பலிலேயே தங்கிவிடலாம்.

அப்படித் தங்குவது தண்டனையல்ல. முக்கால்வாசிப் பேர் கரைக்குப் போய்விட்ட அந்தப் பகலில்தான் நீச்சல் குளம் காலியாக இருக்கும், லிஃப்ட் உடனே வரும், ஜன்னலோர மேசை கிடைக்கும். என் மாமியார் கோவிலை முடித்துக்கொண்டு பதினொன்றரைக்கே மாமனாரோடு கப்பலுக்குத் திரும்பிவிட்டு, நாங்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது மேல்தளத்தில் காற்று வாங்கியபடி எங்களுக்குக் கையசைத்தார்.

திரும்பிய பின்

ஏறியதும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். வாசலில் தெளிக்கும் சானிடைசர் போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கப்பல்களில் வேகமாகப் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸை அது சரியாக அழிப்பதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதற்கு மருந்து.

கப்பல் கரையைவிட்டு விலகும் நேரத்தில் அறையில் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. காலையில் நாம் நின்ற பாறையும் கோவிலும் கடற்பக்கமிருந்து தெரிந்து, மெல்லச் சிறுத்து மறையும். மெல்ல என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்: கப்பல் வேகத்தை நாட் (knot) என்ற அளவில் சொல்வார்கள், 15 நாட் வேகம் என்பது மணிக்கு 28 கிலோமீட்டர்தான், ஏற்காடு மலையேறும் பேருந்தின் வேகம்.

கரையிலிருந்து எல்லோரும் பசியோடு ஒரே நேரத்தில் வருவதால் இரவு உணவுக்கு முதல் அரை மணியில் கூட்டம் நெரியும். பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டுத் தாமதமாகப் போங்கள். நம் நாட்டுப் பயணிகளுக்காக ஓடும் கப்பல்களில் சைவ உணவுக்குக் குறையிருக்காது. வெங்காயம் பூண்டு சேர்க்காத உணவு வேண்டுமென்றால் ஏறும் நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும். இரவுக் காட்சிகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, ஆனால் பாட்டுச் சத்தம் கேட்காத ஒரு மேல்தள மூலையைத் தேடிப் பிடித்தால் சேலத்தில் பார்க்கக் கிடைக்காத அளவுக்கு நட்சத்திரங்கள் தெரியும்.

பயணத்தின் கடைசி இரவுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய பெட்டிகளை இரவே கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ஊழியர்கள் எடுத்துச் சென்று மறுநாள் கரையில் அடுக்கி வைப்பார்கள். காலையில் உடுத்த வேண்டியதையும் பல் துலக்குவதையும் மருந்தையும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும். என் மாமனார் எதையும் ஒழுங்காகச் செய்பவர் என்பதால் எல்லாருக்கும் முன்பாகப் பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிட்டார், மறுநாள் போட வேண்டிய சட்டை உட்பட. சென்னைத் துறைமுகத்தில் வெள்ளை வேட்டிக்கு மேல் என் பையனின் கிரிக்கெட் ஜெர்சியோடு இறங்கிய அவரைக் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார்.